அதிர்வெண்ணைச் சரியாக வைத்தால் பிணைப்பு முறிந்துவிடுமா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து முதுகலை இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டது இது. மூலக்கூறில் ஒவ்வொரு பிணைப்பும் தனக்கென்று ஒரு அதிர்வெண்ணில் அதிர்கிறது, லேசரை அதே அதிர்வெண்ணில் வைத்து அடித்தால் அந்தப் பிணைப்பு மட்டும் முறியாதா? முறியும் என்றால் அதைக் கணினியில் காட்டுவது எப்படி? ப்ராஜெக்டுக்கு ஒரு செமஸ்டர்தான் இருக்கிறது, கையில் இருப்பது சாதாரண லேப்டாப்.

முதல் கேள்விக்குப் பதில்: முறியாது, அதை மட்டும் செய்தால் முறியாது. ஏன் என்று புரிந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கான பதில் பாதி தானாகவே வந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நீ கேட்ட இதே யோசனை 1970களில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் ஓடியது. கார்பன் டை ஆக்சைடு லேசர் வந்திருந்தது, 10 மைக்ரான் பக்கத்தில் நல்ல சக்தி கிடைத்தது, சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடின் ஒரு அதிர்வு சரியாக அங்கேதான், 948 செ.மீ⁻¹ இல் இருக்கிறது (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை அடங்கும் என்ற எண்ணிக்கை இது, இந்தத் துறையில் அதிர்வெண்ணை இப்படித்தான் சொல்வோம்). அடித்தார்கள், மூலக்கூறு உடைந்தது. கந்தகத்தின் ஒரு ஐசோடோப்பு உள்ள மூலக்கூறை மட்டும் தேர்ந்தெடுத்து உடைக்கவும் முடிந்தது, ஏனென்றால் கந்தகம் 32, 34 இரண்டின் உறிஞ்சல் இடங்களும் விலகி இருக்கின்றன. ஆனால் ஒரே மூலக்கூறுக்குள் ‘இந்தப் பிணைப்பு வேண்டும், அது வேண்டாம்’ என்று தேர்ந்தெடுக்கும் ஆசை நடக்கவில்லை. காரணம், ஒரு பிணைப்பில் போட்ட ஆற்றல் அங்கேயே நிற்பதில்லை. மற்ற அதிர்வுகளுக்குள் அது கசிந்து பரவுகிறது, பல மூலக்கூறுகளில் சில பிக்கோ நொடிக்குள் (ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), பெரியவற்றில் அதற்கும் முன்னால். அந்தக் காலத்து லேசர் துடிப்போ (பல்ஸ்) நானோ நொடிக் கணக்கில் நீளம், ஒரு நானோ நொடி என்பது ஆயிரம் பிக்கோ நொடி. அது முடிவதற்குள் ஆற்றல் மூலக்கூறு முழுக்கப் பரவி, மொத்தமும் சூடாகி, கடைசியில் எது பலவீனமான பிணைப்போ அது முறிகிறது. அதற்கு லேசர் எதற்கு, ஒரு பன்சன் அடுப்பு போதுமே.

விதிவிலக்கு இருக்கிறது, அது அழகான விதிவிலக்கு. சாதாரணத் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்தை வைத்தால், ஒரு பக்கம் ஓ–எச் பிணைப்பு 3700 செ.மீ⁻¹ அருகிலும் மறுபக்கம் ஓ–டி 2720 அருகிலும் அதிரும். இரண்டும் இவ்வளவு தள்ளி இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆற்றல் லேசில் போகாது. 1990இல் ஃபிளெமிங் க்ரிம் குழுவினர் ஓ–எச் பக்கத்தில் நான்கு குவாண்டம், அதாவது நான்கு படி ஆற்றல், ஏற்றிவிட்டு ஒரு ஹைட்ரஜன் அணுவை மோதவிட்டார்கள், ஏற்றிய பக்கம்தான் வினைபுரிந்தது. சரி, தேர்வு சாத்தியம்தான், ஆனால் அங்கேயும் முறித்தது லேசர் இல்லை, மோதவந்த அணு. லேசர் தயார் செய்து கொடுத்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கலைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள், உன் ப்ராஜெக்டுக்கு அதுதான் முக்கியம். பிணைப்பு ஒரு சுத்தமான ஸ்பிரிங் கிடையாது. ஹைட்ரஜன் குளோரைடை எடுத்துக்கொள். அதிர்வின் கீழ்நிலையிலிருந்து முதல் நிலைக்கு ஏற 2886 செ.மீ⁻¹ வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு 2782 போதும், அதற்கு அடுத்தது 2679 அளவில். படிக்குச் சுமார் 104 குறைந்துகொண்டே போகிறது. ஆக, லேசரை 2886இல் துல்லியமாக நிறுத்தி எவ்வளவு நேரம் அடித்தாலும் மூலக்கூறு முதல் படியில் ஏறுகிறது, அடுத்ததற்கு அந்த ஒளி பொருந்தவில்லை, அதே ஒளியால் திரும்பக் கீழே இறக்கப்படுகிறது. முறிய வேண்டுமானால் 4.4 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும், இது ஒரு படியோடு நிற்கிறது. அதிர்வெண்ணைச் ‘சரியாக’ வைத்ததே இங்கே வினை.

இனி கால அளவுக்கு வருவோம். 33356ஐச் செ.மீ⁻¹ இல் சொன்ன எண்ணால் வகுத்தால் ஒரு அதிர்வுக்கு எத்தனை ஃபெம்டோ நொடி என்று வந்துவிடும், இந்தச் சூத்திரத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. ஹைட்ரஜன் குளோரைடுக்கு 11.6. கார்பன் மோனாக்சைடுக்கு (2143) 15.6. ஹைட்ரஜன் மூலக்கூறுக்குச் சுமார் 8. கனமான அயோடினுக்கு (214) 156. ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியை ஆயிரம் ஆயிரமாக ஐந்து முறை வகுத்தால் கிடைப்பது. இந்த வேகத்தில் நடப்பதை நேரடியாகப் பின்தொடர்ந்து காட்டியதற்காகத்தான் அகமது செவைலுக்கு 1999இல் வேதியியல் நோபல் கிடைத்தது. சோடியம் அயோடைடு மூலக்கூறு உடைவதா வேண்டாமா என்று இரண்டு நிலைகளுக்கு நடுவே போய்ப் போய் வருவதை அவர் குழு 1980களின் கடைசியில் பதிவு செய்தது. இன்றைக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த வரைபடத்தைத்தான்.

துடிப்பு குறுகக் குறுக அதன் நிறம் அகலும், இது ஃபூரியே கணக்கு (ஒரு துடிப்பை அதற்குள் இருக்கும் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டுவது), யாராலும் தப்ப முடியாது. காஸியன் (மணி) வடிவத் துடிப்புக்கு நேர அகலத்தையும் அதிர்வெண் அகலத்தையும் பெருக்கினால் 0.44க்குக் கீழே போகாது. 100 ஃபெம்டோ நொடித் துடிப்பின் அகலம் சுமார் 147 செ.மீ⁻¹, 10 ஃபெம்டோ நொடி என்றால் 1470. இப்போது இதை ஹைட்ரஜன் குளோரைடோடு பொருத்திப் பார். 100 ஃபெம்டோ நொடித் துடிப்பை 2886இல் மையமாக வைத்தால் இருபுறமும் பாதி உயரத்தில் 73 தூரம்தான் எட்டும், அடுத்த படியோ 104 தள்ளி இருக்கிறது. அதனால் இன்னும் குறுகிய துடிப்பு வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2886 என்பது 3.5 மைக்ரான் ஒளி, அந்த ஒளியின் ஒரே ஒரு அலைக்கே 11.6 ஃபெம்டோ நொடி ஆகிறது. அதிர்வோடு ஒத்துப்போகும் ஒளியின் ஒரு சுற்றும் அதிர்வின் ஒரு சுற்றும் ஒன்றுதான், வேறு எப்படி இருக்க முடியும்! ஆகவே அதிர்வைவிடக் குறுகிய அகச்சிவப்புத் துடிப்பு என்று பேசுவதில் பெரிய அர்த்தமில்லை.

இதற்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஒன்று, துடிப்புக்குள்ளேயே நிறத்தை நகர்த்துவது. முன்பகுதியில் 2900, போகப் போக 2800, 2700 என்று இறங்கும்படி செய்தால் மூலக்கூறு ஏற ஏற அந்தந்தப் படிக்குப் பொருத்தமான ஒளி அந்தந்த நேரத்தில் வந்து சேரும். சர்ப் என்பார்கள். செல்கோவ்ஸ்கி, பாண்ட்ராக், கார்க்கம் மூவரும் 1990இல் ஹைட்ரஜன் ஃப்ளூரைடுக்கு இதைக் கணினியில் போட்டுக் காட்டினார்கள், நிலையான அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால் முறிவு எவ்வளவோ கூடுதல். கணக்கு முந்திக்கொண்டது, பரிசோதனை பின்னால் வந்தது: 1998இல் நெதர்லாந்தின் ஃபெலிக்ஸ் என்ற கட்டற்ற எலெக்ட்ரான் லேசரில் நைட்ரிக் ஆக்சைடைப் படி ஏற்றினார்கள், 2003 வாக்கில் ஜெர்மனியின் கார்ஷிங்கில் குரோமியம் ஹெக்ஸாகார்பொனிலைக் கீழ் எலெக்ட்ரான் நிலையில் வைத்தே அதிர்வுப் படிகளில் ஏற்றி உடைத்தார்கள். ஒரு நிபந்தனை, இறங்கும் வேகம் சரியாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் மூலக்கூறு நடுப்படியில் தங்கிவிடும், மெதுவாகப் போனால் அதற்குள் ஆற்றல் கசிந்துவிடும்.

இன்னொரு வழி, அதிர்வோடு ஒத்துப்போகாத கண்ணுக்குத் தெரியும் ஒளியையோ 800 நானோமீட்டர் ஒளியையோ பயன்படுத்துவது. ஹைட்ரஜன், நைட்ரஜன், அயோடின் மாதிரி ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளில் இருமுனைத் திருப்புத்திறன் (ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்று மின்சுமை பிரிந்திருப்பது) கிடையாது, அகச்சிவப்பு அவற்றைத் தொடவே தொடாது. ஆனால் பிணைப்பு நீளும்போதும் சுருங்கும்போதும் மின்புலத்துக்கு அவை வளைந்துகொடுக்கும் அளவு மாறுகிறது. இதுதான் ராமன் விளைவின் அடிப்படை. 1928இல் கொல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து அதைப் பிடித்த கே. எஸ். கிருஷ்ணன் நம்ம தெற்கத்தி ஆள்தான், வத்திராயிருப்புக்காரர். குறுகிய துடிப்பின் அகலத்துக்குள் இருக்கும் இரண்டு நிறங்களின் வித்தியாசம் அதிர்வின் அளவுக்கு வந்தால், ஒரே துடிப்பால் அதிர்வைக் கிளப்பலாம். சுசீந்திரம் கோயிலின் இசைத்தூணை விரலால் சட்டென்று தட்டினால்தான் ஒலிக்கும், அதே விரலை வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தால் தூண் ஒன்றும் சொல்லாது. இங்கேயும் தட்டு அதிர்வின் ஒரு சுற்றைவிடக் குறுகியதாக இருந்தாக வேண்டும். 30 ஃபெம்டோ நொடித் துடிப்பின் அகலம் 490 செ.மீ⁻¹, அயோடினின் 214ஐத் தாராளமாகக் கிளப்பும், ஹைட்ரஜனின் நாலாயிரத்துச் சொச்சத்தை அசைக்காது.

ஒரு தட்டுக்குப் பதில் வரிசையாகப் பல தட்டுகள், அதிர்வின் கால இடைவெளியிலேயே கொடுத்தால்? 1990இல் வீனர், நெல்சன் குழுவினர் பெரிலீன் படிகத்தில் இதைச் செய்தார்கள். இடைவெளியை மாற்றி, வேண்டிய அதிர்வை மட்டும் பெரிதாக்கினார்கள், மற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கின. ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை முழு மனதோடு இங்கே சொல்லலாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் இதில் எது ஏன் நடக்கிறது என்று ஒவ்வொரு வரியும் விளங்குகிறது.

அப்புறம் கட்டம், அதாவது ஃபேஸ், அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. 1985இல் டானரும் ரைஸும் சொன்னது நேரத்தைப் பற்றி: முதல் துடிப்பால் அலைப்பொட்டலத்தை (அணுக்கள் எங்கே இருக்கலாம் என்று சொல்லும் குவாண்டம் அலையை) மேல் எலெக்ட்ரான் நிலைக்கு அனுப்பு, அது நீ விரும்பும் இடத்துக்கு ஓடி வரும்வரை காத்திரு, இரண்டாவது துடிப்பால் கீழே இறக்கு, எந்த நொடியில் இறக்குகிறாயோ அதைப் பொறுத்து வேறு வேறு விளைபொருள். அடுத்த ஆண்டு ப்ரூமரும் ஷப்பீரோவும் சொன்னது குறுக்கீட்டைப் பற்றி: ஒரே முடிவுக்குப் போக இரண்டு ஒளிப்பாதை இருந்தால் அவற்றின் கட்ட வித்தியாசத்தைத் திருகி ஒரு விளைபொருளைக் கூட்டலாம், இன்னொன்றைக் குறைக்கலாம். பார்க்க இரண்டும் வேறு மாதிரி, உள்ளே ஒரே குவாண்டம் இயற்பியல்தான்.

ரபிட்ஸ் என்ற ஆய்வாளர் வந்து கேள்வியைத் தலைகீழாக்கினார். முடிவு இதுதான் என்று வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற துடிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பது, இது உகப்புக் கட்டுப்பாடு. ஆனால் நிஜ மூலக்கூறின் ஹாமில்டோனியன், அதாவது அதன் மொத்த ஆற்றலைச் சொல்லும் கோவை, நமக்கு முழுதாகத் தெரியாதே. அதனால் 1992இல் ஜட்ஸனும் ரபிட்ஸும் ஒரு காரியம் சொன்னார்கள்: கணக்கே போடாதே, துடிப்பை மாற்றி மாற்றி அடி, விளைவை அள, நல்லதை வைத்துக்கொண்டு மோசமானதைத் தள்ளு, மரபணு அல்காரிதம் கற்றுக்கொள்ளட்டும், ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை மூலக்கூறே தீர்த்துக்கொள்ளும். 1998இல் வூர்ட்ஸ்பர்க்கில் கெர்பர் குழு ஒரு இரும்புச் சேர்மத்தில் இதைச் செய்து, இரண்டு விளைபொருள்களின் விகிதத்தைத் தாங்கள் சொன்னபடி மாற்றியது. பெரிய பரபரப்பு. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு: அல்காரிதம் கண்டுபிடித்த துடிப்பு கரடுமுரடாக இருக்கும், அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் கஷ்டம், சில நேரம் ஒளியின் செறிவை மாற்றினாலே அதில் பாதி விளைவு வந்துவிடும். கண்டுபிடித்தது சரி, கற்றுக்கொண்டது என்ன?

கருவி பற்றிச் சுருக்கமாக. இதெல்லாம் பெரும்பாலும் டைட்டானியம் சஃபயர் லேசரில் நடக்கிறது. மோல்டன் 1982இல் அறிமுகப்படுத்தியது, துடிப்பை நீட்டிப் பெருக்கித் திரும்பச் சுருக்கும் முறை ஸ்ட்ரிக்லண்ட், மூரு இருவரும் 1985இல் கொடுத்தது, அதற்கு 2018இல் நோபல். அந்தப் படிகத்துக்கு ஆற்றல் ஊட்டுவது பெரும்பாலும் நியோடிமியம் லேசரின் பச்சை ஒளி. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் டைட்டானியம் தாங்கிய இல்மனைட்டும் இருக்கிறது, நியோடிமியம் கலந்த மோனசைட்டும் இருக்கிறது, இரண்டு தனிமமும் நம் காலடியில்தான் கிடக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி உன் லேப்டாப்புக்கு வருவோம். மூலக்கூறில் N அணு இருந்தால் 3N−6 அதிர்வு, நேர்கோட்டு மூலக்கூறு என்றால் 3N−5. தண்ணீருக்கு 3, பென்சீனுக்கு 30. ஒவ்வொரு அதிர்வுக்கும் கணக்குப் போடும் கிரிட்டில் 100 புள்ளி வைத்தால் தண்ணீருக்குப் பத்து லட்சம் புள்ளி, சமாளிக்கலாம், பென்சீனுக்கு ஒன்றுக்குப் பின்னால் 60 பூஜ்யம். இந்தச் சுவரைத் தாண்டத்தான் மேயர், மந்தே, செடர்பாம் 1990இல் பலதொகுதி ஹார்ட்ரீ முறையைக் கொண்டுவந்தார்கள், 1999இல் அதை வைத்துப் பைரசீனின் 24 அதிர்வையும் ஒன்றாகக் கணக்கிட்டார்கள். நீ அங்கே போகாதே. ஹைட்ரஜன் குளோரைடு, ஒரே ஒரு ஆயம் (பிணைப்பின் நீளம்), மோர்ஸ் வளைவு (நீளத்தோடு பிணைப்பின் ஆற்றல் எப்படி மாறுகிறது என்று சொல்லும் எளிய சூத்திரம்). இது போதும், இதிலேயே மேலே சொன்ன சர்ப் கதை முழுக்க இருக்கிறது.

மோர்ஸைப் பொருத்தும்போது ஒரு இடத்தில் இடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹார்மோனிக் மதிப்பு (பிணைப்பு சுத்தமான ஸ்பிரிங்காக இருந்தால் வரும் அதிர்வெண்) 2991 செ.மீ⁻¹, கிணற்றின் ஆழம் 4.62 எலெக்ட்ரான் வோல்ட் என்று போட்டால், விலகல் மாறிலி (படிக்குப் படி இடைவெளி குறையும் அளவில் பாதி) 60 என்று வரும், அளந்த மதிப்போ 52.8. அளந்த மாறிலியைப் பிடித்துக்கொண்டால் ஆழம் 5.25 என்று கூடிவிடும். படிகள் சரியாக இருக்க வேண்டுமா, முறியும் ஆற்றல் சரியாக இருக்க வேண்டுமா, மோர்ஸால் இரண்டையும் தர முடியாது. நாலைந்து படி ஏறுவதைக் காட்டப்போகிறாய் என்றால் 52.8ஐ எடு, வளைவின் அகல அளவுரு ஒரு ஆங்ஸ்ட்ரமுக்கு 1.75 வரும். முறிவையே காட்டப்போகிறாய் என்றால் 4.62, அப்போது 1.87. எதை எடுத்தாய், ஏன் என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுது, வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

நேரத்தில் நகர்த்துவதற்கு ஃபெய்ட், ஃப்ளெக், ஸ்டைகர் மூவரின் பிரிப்பு முறை, 1982இல் வந்தது. நிலையாற்றலை அரைப் படி, ஃபூரியே போட்டு இயக்க ஆற்றலை முழுப் படி, திரும்பி வந்து நிலையாற்றலை அரைப் படி. பைத்தானில் நம்பை இருந்தால் ஐம்பது அறுபது வரியில் முடிந்துவிடும். 256 புள்ளி, 0.02 ஃபெம்டோ நொடிப் படி, உட்பக்கச் சுவர் எகிறும் இடத்தில் ஆற்றலுக்கு ஒரு உச்சவரம்பு, வெளி ஓரத்தில் உறிஞ்சும் எல்லை. உறிஞ்சும் எல்லையை மறந்தால் முறிந்துபோன அணு கிரிட்டின் மறுபக்கமாகத் திரும்பி வந்து நிற்கும், அதைப் பார்த்துப் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்காதே கேட்டியா.

லேசரைப் போடுவதற்கு முன் மூன்று சோதனை செய். லேசர் இல்லாமல் கீழ்நிலையை ஓடவிட்டால் அது அசையக் கூடாது. அதைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு ஓடவிட்டு, தன்னோடு தானே உள்ள தொடர்பின் ஃபூரியேயை எடுத்தால் படிகளின் இடைவெளி 2886, 2782 அளவில் வர வேண்டும், மோர்ஸ் என்பதால் ஒன்றிரண்டு தள்ளி இருக்கலாம். நகர்த்திய பொட்டலம் சில சுற்றிலேயே கலைந்து குழம்பிப்போகும், பயப்படாதே, 52.8 மாறிலிக்குச் சுமார் 630 ஃபெம்டோ நொடியில் மறுபடியும் ஒன்று சேர்ந்து கிளம்பும் (33356ஐ 52.8ஆல் வகுத்துப் பார்). அது சேரவில்லை என்றால் நிரலில் பிழை இருக்கிறது. மூன்றும் சரியானபின் திருப்புத்திறனை மின்புலத்தால் பெருக்கிச் சேர். பிணைப்பு நீளத்தோடு திருப்புத்திறன் எப்படி மாறுகிறது என்பதுதான் இங்கே காரியம், நேர்கோட்டுச் சார்பு கீழ்ப்படிகளுக்குப் போதும், மேலே போனால் பொய் சொல்லும்.

ஆரம்ப நிலை பற்றிக் கவலை வேண்டாம். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 207 செ.மீ⁻¹ அளவுதான், ஹைட்ரஜன் குளோரைடில் பத்து லட்சத்தில் ஒரு மூலக்கூறுதான் முதல் படியில் இருக்கும். அயோடினை எடுத்திருந்தால் நூற்றுக்கு 36 மூலக்கூறு ஏற்கெனவே மேலே இருக்கும், ஒவ்வொரு நிலையிலிருந்தும் தனித்தனியாக ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஹைட்ரஜன் குளோரைடு என்றேன்.

நீ விட்டுவிடப்போகிற விஷயங்களையும் எழுதி வை. மூலக்கூறு சுழல்கிறது, எல்லா மூலக்கூறும் லேசரின் திசைக்கு நேராக நிற்பதில்லை. செறிவை ஒரு சதுர செ.மீ.க்கு 10¹³, 10¹⁴ வாட் என்று ஏற்றிக்கொண்டே போனால் உன் மாதிரியில் அழகாக முறியும், நிஜத்தில் அதற்குள் எலெக்ட்ரான் கழன்று மூலக்கூறு அயனியாகிவிடும், மாதிரிக்கு அது தெரியாது. இரண்டு அணு மூலக்கூறு என்பதால் ஆற்றல் கசிவும் இதில் வராது. கசிவைக் காட்டியே ஆக வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால் அந்த ஒரு டியூட்டீரியம் போட்ட தண்ணீருக்குப் போ, இரண்டு நீட்சி அதிர்வை மட்டும் எடுத்தால் இரண்டு ஆயம்தான், லேப்டாப் தாங்கும்.

இதனால் என்ன பயன் என்று வைவாவில் கேட்பார்கள், வேண்டிய பிணைப்பை முறித்து மருந்து செய்யப்போகிறோம் என்று சொல்லாதே, அது நடந்த பாடில்லை. நடந்தது வேறு. 2002இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சில்பர்பெர்க் குழு ஒரே ஒரு துடிப்பின் கட்டத்தை வடிவமைத்து அதிர்வு நிறமாலையை எடுத்துக் காட்டியது. 2008இல் தூண்டப்பட்ட ராமன் நுண்ணோக்கி வந்தது, சாயம் போடாமல் உயிருள்ள செல்லில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அதன் சி–எச் அதிர்வை வைத்தே பார்க்கிறார்கள். 2006இல் பாக்டீரியோரொடாப்சின் என்ற ஒளி உணரும் புரதத்தில், ஒளி பட்டதும் ரெட்டினால் மூலக்கூறு வடிவம் திரும்பும் அளவைத் துடிப்பை வடிவமைத்து இருபது சதவீதம் கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள்.

முதல் வரைபடமாக இதைப் போடு: கிடைமட்டத்தில் சர்ப் வேகம், செங்குத்தில் நாலாவது படியை எட்டிய மூலக்கூறுகளின் விகிதம். சர்ப் மாறினாலும் துடிப்பின் மொத்த ஆற்றல் மாறக் கூடாது, நிறமாலை அகலமும் மாறக் கூடாது, இல்லையென்றால் ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. சர்ப்பின் குறியைத் திருப்பிப்போட்டு, கீழிருந்து மேலே போகும் துடிப்புக்கும் அதே வளைவை எடுத்து இரண்டையும் ஒரே படத்தில் வை. செறிவை அளவோடு வைத்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வராது.